தாள் பறக்காத ஃபேன்

ரோஸ்மேரியின் வீட்டில் ஃபேன் இருந்தது. ஆனால் பகலில் அதைப் போடக் கூடாது. போட்டால் தாள் பறக்கும்.

வேலம்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். மாடியில் நான்கு, கீழே நான்கு. கீழே கடைசி வீடு அவர்களுடையது. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் பெட்டிகள், சுவரை ஒட்டித் தம்பி அருளின் சேலைத் தொட்டில். நடுவில் மிச்சமிருந்த இடம் முழுவதும் அம்மாவின் வேலைக்குப் போய்விட்டது.

அம்மாவின் பெயர் ஆரோக்கியம். அருள் பிறப்பதற்கு முன்பு அம்மா ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். இப்போது கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் கான்ட்ராக்டர் மயில்சாமி வீட்டுக்கே வேலை கொடுத்தார். எல்லாம் குழந்தைகள் போடுகிற சின்னச் சட்டைகள். நெஞ்சில் யானை, பூனை, கார் என்று விதவிதமாகப் படம் அச்சிட்டிருக்கும். அந்தச் சட்டைகளை மடித்து, அச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கவருக்குள் போட வேண்டும்.

அந்தத் தாள்தான் பிரச்சினை. வெங்காயத் தோல் மாதிரி அவ்வளவு மெல்லிசு. யாராவது வேகமாக நடந்து போனாலே கட்டிலிருந்து நாலைந்து தாள்கள் எழுந்து கூடவே வரும். ஃபேனைப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து முழுப் பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். தாளை ஒவ்வொன்றாகப் பிரித்து அம்மா கையில் கொடுப்பது ரோஸ்மேரியின் வேலை. பறந்த தாளை ஓடிப் பிடிப்பதும் அவள் வேலைதான். அடுப்புக்குப் பின்னால், பெட்டிக்கு அடியில், ஒருமுறை சாம்பார்ச் சட்டிக்குள் என்று எங்கெங்கோ போய்ப் பிடித்திருக்கிறாள்.

கசங்கிய தாள் உள்ளே இருந்தால் மயில்சாமி கண்டுபிடித்துவிடுவார். கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். போன வாரம் அப்படி ஒரு கட்டைப் பிரித்து, திரும்பச் செய்யச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலையை அடுத்த தெருவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது.

ஆகவே கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி வேலை பார்த்தார்கள். சித்திரை மாத வெயில். வியர்வை சட்டையில் சொட்டிவிடாமல் இருக்க அம்மா தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நிமிடத்துக்கொரு முறை முகத்தைத் துடைப்பார். பாவம், அருளுக்குத்தான் துடைத்துக்கொள்ளத் தெரியாது. அவன் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு மணல் மாதிரி பூத்திருந்தது. அரிப்பில் அவன் அழுவான். அழுதால் அம்மா தாள்கட்டின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு ஃபேனைப் போடுவார். காற்று பட்டதும் அவன் தூங்குவான். தூங்கியதும் ஃபேனை நிறுத்துவார். நிறுத்தியதும் அவன் முழித்துக்கொள்வான்.

இப்படி நாள் முழுவதும் போட்டும் நிறுத்தியும் ஓடிய அந்தப் பழைய ஃபேன், ஒரு மத்தியானம் உர்ரென்று உறுமியது. ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம் வந்தது. அம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். ஃபேனின் தலையிலிருந்து நூல் மாதிரி புகை வந்து நின்றது.

ரோஸ்மேரியின் அப்பா சவரிமுத்து, துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். சாயந்திரம் வந்து பார்த்துவிட்டு, உள்ளே கம்பி சுற்றிய காயில் கருகிவிட்டது என்றார். ஃபேனைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆத்தப்பன் கடைக்குப் போனார்.

ஆத்தப்பன் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்துக் கம்பெனி மோட்டார்கள் எல்லாம் அவர் கடை வாசலில்தான் குவிந்து கிடக்கும். வீட்டு ஃபேனை எடுக்கமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாராம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று அப்பா சொன்னதும், சரி வைத்துவிட்டுப் போங்கள் என்றாராம்.

சனிக்கிழமை காலையில் ஃபேன் திரும்பி வந்தது. அப்பா ஸ்டூல் மேல் ஏறி அதை மாட்டினார். மெயினைப் போட்டு, ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து, சுவிட்சைத் தட்டினார். ஃபேன் கிறுகிறுவென்று நன்றாகவே சுற்றியது. சத்தமும் பழைய சத்தம்தான்.

அப்பா அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கையை விரித்து நீட்டினார். ரோஸ்மேரியும் நீட்டினாள். காற்று வரவில்லை.

கரண்ட் குறைவாக வருகிறதோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். பல்பைப் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. ரெகுலேட்டரை ஒன்றுக்குத் திருப்பி மறுபடி ஐந்துக்குக் கொண்டுவந்தார். ஃபேன் மெதுவாகச் சுற்றியது, வேகமாகச் சுற்றியது. காற்று மட்டும் இல்லை.

"கம்பெனி மோட்டார் பாக்குறவருட்ட குடுத்தா இப்படித்தான்" என்றார் அப்பா. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. சாயந்திரம் வந்து கழற்றிக்கொண்டு போய், ஆத்தப்பனை நாலு கேள்வி கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்று சாயந்திரம் ஒரு கட்டுச் சட்டை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்துவதற்காக ரோஸ்மேரி எழுந்தாள்.

"ஓடட்டும் விடு. காத்துதான் இல்லையே, சத்தத்துக்காவது பிள்ளை தூங்கட்டும்" என்றார் அம்மா.

உண்மையாகவே அருள் தூங்கிவிட்டான்.

அம்மா மடித்தார், ரோஸ்மேரி தாள் கொடுத்தாள். யானைச் சட்டைகள் முடிந்து பூனைச் சட்டைகள் வந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரோஸ்மேரிக்கு ஒன்று உறைத்தது. அவள் வெகு நேரமாக எழுந்திருக்கவே இல்லை. ஒரு தாளைக்கூட ஓடிப் பிடிக்கவில்லை.

அவள் தாள்கட்டைப் பார்த்தாள். மேலே அம்மிக்குழவி இல்லை. ஒன்றுமே இல்லை. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தாள்கள் அசையாமல் கிடந்தன.

சட்டையிலிருந்து உதிர்ந்த ஒரு பஞ்சுப் பிசிர் அவள் கண் முன்னால் மிதந்தது. அது தரைக்கு வரவில்லை. ஆடி ஆடி மெல்ல மேலே போனது. இன்னும் மேலே, ஃபேனுக்குப் பக்கத்தில் போனதும் சட்டென்று இழுபட்டுக் காணாமல் போய்விட்டது.

ரோஸ்மேரி தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். அம்மா என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு பிசிரைத் தேடிப் பிடித்து ஊதிவிட்டாள். அதுவும் மேலேதான் போனது.

காற்று இல்லாமல் இல்லை. அது கீழே வராமல் மேலே போகிறது. மேலே போன காற்று கூரையில் முட்டி, சுவரோரமாக இறங்குகிறது. அதனால்தான் சுவரில் மாட்டியிருந்த மாதா கோயில் காலண்டர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். அருளின் நெற்றி முடியும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை இல்லை.

ஏன் இப்படி என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே ரங்காத்தாள் அக்கா மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ரோஸ்மேரி வாசற்படியில் நின்று அவர் வீட்டு ஃபேனையே பார்த்தாள்.

"ஏங்கண்ணு, எங்க ஊட்டு ஃபேன அப்படி மொறச்சுப் பாக்கற?" என்று அக்கா கேட்டார்.

ஒரே ஒரு முறை அதை நிறுத்திக் காட்ட முடியுமா என்று ரோஸ்மேரி கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னென்னவோ கேட்கிறார்கள் என்று முனகியபடியே அக்கா எழுந்து சுவிட்சை அணைத்தார். ஃபேன் வேகம் குறைந்தது. இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. சுவரிலிருந்த கடிகாரத்தையும் ஃபேனையும் ரோஸ்மேரி மாறி மாறிப் பார்த்தாள். கடிகார முள் ஒரு பக்கம் சுற்றியது. ஃபேன் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றி நின்றது.

வீட்டுக்கு வந்து தங்கள் ஃபேனையும் அப்படியே நிறுத்திப் பார்த்தாள். அது கடிகார முள் மாதிரியே சுற்றி நின்றது.

"அம்மா, நம்ம ஃபேன் தலைகீழாச் சுத்துது" என்றாள்.

"அதான் உங்கப்பா கழத்தப்போறாரே" என்றார் அம்மா, கையிலிருந்த சட்டையை மடித்தபடி.

ரோஸ்மேரிக்குத் திக்கென்றது. அப்பா கழற்றிக்கொண்டு போவார். ஆத்தப்பன் சரி செய்துவிடுவார். சரியான ஃபேன் வீட்டுக்கு வரும். வந்ததும் பகல் முழுவதும் அதை நிறுத்தி வைக்க வேண்டும். அருளுக்கு மறுபடி வேர்க்குரு.

அன்று சாயந்திரம் கட்டு நேரத்துக்கு முன்பாகவே முடிந்துவிட்டது. மயில்சாமியின் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனார். அம்மாவின் தோளில் கிடந்த துண்டு பாதிதான் நனைந்திருந்தது.

அப்பா வந்ததும் வராததுமாக ஸ்டூலை இழுத்துப் போட்டார். ரோஸ்மேரி போய் ஸ்டூலுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கழற்றுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். மிச்சமிருந்த தாள்கட்டைத் தரையின் நடுவில் வைத்து, ஃபேனை ஐந்தில் வைத்துப் போட்டாள்.

அப்பா பார்த்தார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் தலையைச் சொறிந்தார். ஒரு தாளை எடுத்துத் தானே கீழே போட்டுப் பார்த்தார். அது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"இன்னைக்கு ஒரு தாளு பறக்கலப்பா" என்றாள் ரோஸ்மேரி. "தம்பி நல்லாத் தூங்குனான்."

அம்மாவும் ஆமாம் என்றார். அப்பா ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டி மேல் வைத்துவிட்டு யோசித்தார்.

"பகலுக்குச் சரிம்மா. ராத்திரி?"

அது நியாயமான கேள்விதான். ராத்திரி எல்லாரும் அறையின் நடுவில்தான் படுக்க வேண்டும். அங்கே காற்றே இல்லை. அன்று இரவு அப்பா புரண்டு புரண்டு படுத்துவிட்டு, கடைசியில் பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கொசுக்கடி தாங்காமல் திரும்பி வந்தார். காலையில் எல்லாருடைய கண்ணும் சிவந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் அம்மாவும் அருளும் வீட்டுக்குப் போனார்கள். அப்பா ரோஸ்மேரியைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு நேரே ஆத்தப்பன் கடைக்கு மிதித்தார். தூக்கம் கெட்டதில் அப்பாவுக்குக் கோபம் திரும்பி வந்திருந்தது. செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டாமா என்று கேட்கப்போவதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரோஸ்மேரி வழியெல்லாம் வேறொன்றை யோசித்துக்கொண்டு வந்தாள். கடை தெரிந்ததும், "அப்பா, நான் மொதல்ல பேசட்டா?" என்று கேட்டாள். அப்பா பெடலை இன்னும் வேகமாக மிதித்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

கடையில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனிகளில் மெஷின்கள் நிற்கும். அன்றுதான் மோட்டார்களைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். ஒரு கம்பெனி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் மோட்டாரை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆத்தப்பன் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

"வாங்க, வாங்க. ஃபேன் நல்லா ஓடுதுங்களா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் ரோஸ்மேரி முந்திக்கொண்டாள்.

"நல்லா ஓடுது மாமா. காத்துதான் மேல போகுது."

ஆத்தப்பனின் கை நின்றது. மேனேஜர் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார். காத்திருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்தப்பனின் முகம் மாறியது. அப்படியெல்லாம் போகாது, இந்தக் கடையில் கட்டிய காயில் எதுவும் கோளாறு என்று திரும்பி வந்தது கிடையாது என்றார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

"கோளாறு இல்ல மாமா" என்றாள் ரோஸ்மேரி அவசரமாக. "அது அப்படிச் சுத்துறது எங்களுக்கு வேணும்."

ஆத்தப்பன் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன கண்ணு சொல்ற?"

அவள் சொன்னாள். அம்மாவின் வேலை, பறக்கிற தாள், தம்பியின் வேர்க்குரு, மேலே போன பஞ்சுப் பிசிர், ரங்காத்தாள் அக்கா வீட்டுக் கடிகாரம் எல்லாவற்றையும் சொன்னாள். ராத்திரி அப்பாவைக் கொசு கடித்ததையும் சொல்லிவிட்டாள். மேனேஜர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பகல்ல இப்ப சுத்துற மாதிரியே சுத்தணும். ராத்திரி மட்டும் எல்லார் வீட்டு ஃபேன் மாதிரி சுத்தணும். அப்படிச் செய்ய முடியுமா மாமா?"

சின்னப் பிள்ளை, ஏதோ தெரியாமல் கேட்கிறாள் என்று அப்பா இழுத்தார். ஆத்தப்பன் அவரைக் கவனிக்கவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு கடை மூலையில் கிடந்த ஒரு பெரிய மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனி மோட்டார் எத்தனையோ முன்னாடியும் பின்னாடியும் சுத்தற மாதிரி பண்ணிக் குடுத்திருக்கறேன்" என்றார் மெதுவாக. "ஊட்டு ஃபேனுக்கு யாரும் கேட்டதில்ல. நானும் நெனச்சதில்ல."

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "தப்பு என்னோடதுதானுங்க. கண்டென்சர் ஒயர மாத்திக் குடுத்துட்டனாட்ட இருக்குது. மன்னிச்சுக்கோங்க."

அப்பா வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த கேள்வி ஒன்றும் இப்போது நினைவுக்கு வரவில்லை. பரவாயில்லை அண்ணே, பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ஆத்தப்பன் வீட்டுக்கே வந்தார். பையில் ஒரு சுவிட்சும் கொஞ்சம் ஒயரும் இருந்தன. மாடிப்படி விளக்குக்கு மேலே ஒன்று கீழே ஒன்று வைப்பார்களே, அந்த டூ வே சுவிட்ச். விஷயம் பரவி ரங்காத்தாள் அக்காவும் வந்து வாசலில் நின்றார். தன்னுடைய ஃபேனைப் பார்த்துத்தான் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டது என்று மாடி வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆத்தப்பன் மெயினை அணைத்தார். அணைத்ததை ஒரு முறைக்கு இரண்டு முறை டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் யாரும் இந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது என்று ரோஸ்மேரியைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் கட்டிய கையை அவிழ்க்காமல் சுவரோரமாக நின்று பார்த்தாள்.

வேலை செய்துகொண்டே ஆத்தப்பன் விளக்கினார். ஃபேனுக்குள் இரண்டு காயில்கள் இருக்கும். டப்பி மாதிரி இருக்கிற கண்டென்சர், அதில் ஒரு காயிலோடு சேர்ந்துகொண்டு ஃபேனை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். அதை மற்றக் காயிலோடு சேர்த்தால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். ஒயரை மாற்றி மாட்டினால் ஃபேன் திசை மாறுவது இதனால்தான். இப்போது மேலே போகிற இரண்டு ஒயரோடு இன்னொன்றைச் சேர்த்துக் கீழே கொண்டுவந்து சுவிட்சில் கொடுத்துவிட்டால், சுவிட்சே அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுற்ற இரண்டு காயிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; நல்லவேளையாக அப்படித்தான் கட்டியிருந்தாராம்.

"ஒன்னே ஒன்னு ஞாபகம் வெச்சுக்கோணும்" என்றார் ஸ்டூலிலிருந்து இறங்கியபடி. "ஃபேன நிறுத்தி, இறக்கை சுத்தமா நின்ன பொறவுதான் இந்த சுவிட்ச மாத்தோணும். ஓடறப்ப மாத்துனா காயில் மறுபடி கருகிப்போகும்."

யார் நினைவு வைத்துக்கொள்வது என்று அவர் கேட்டபோது அப்பாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் ரோஸ்மேரியைப் பார்த்தார்கள்.

முதலில் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தார்கள். காற்று மேலே போனது. நிறுத்தினார்கள். இறக்கை நிற்கிற வரை வாசலில் நின்றவர்கள்கூட அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்மேரி நன்றாகப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது என்றாள். ஆத்தப்பன் சுவிட்சை மாற்றிவிட்டு ஃபேனைப் போட்டார். காற்று குப்பென்று எல்லார் தலையிலும் இறங்கியது. அருள் அம்மாவின் இடுப்பிலிருந்து அண்ணாந்து பார்த்து மூச்சு வாங்கிச் சிரித்தான்.

ஆத்தப்பன் சுவிட்சுக்கும் ஒயருக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். புறப்படும்போது, இதே மாதிரி தாள் வைக்கிற வேலை இன்னும் யார் வீட்டிலெல்லாம் நடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார்.

எந்தப் பக்கம் எந்தக் காற்று என்று மறந்துபோகாமல் இருக்க, ரோஸ்மேரி சுவிட்சின் ஒரு பக்கம் சூரியனும் மறு பக்கம் நிலாவும் வரைந்து ஒட்டினாள். அப்படியும் முதல் தப்பைச் செய்தவர் அப்பாதான். சாயந்திரம் கம்பெனி நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்றபடியே பெருமையாக, "இப்ப பாருங்க" என்று சொல்லி ஃபேனைப் போட்டார். சுவிட்ச் நிலாப் பக்கம் இருந்தது. அம்மா அப்போதுதான் புதுத் தாள்கட்டைப் பிரித்து வைத்திருந்தார். அறை முழுவதும் வெள்ளையாகப் பறந்தது. ஒரு தாள் நண்பரின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றை அருள் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் பொறுக்கி முடிக்கும்வரை அம்மா அப்பாவுடன் பேசவில்லை. நண்பரும் சேர்ந்து பொறுக்கினார்.

அதற்குப் பிறகு சுவிட்சை ரோஸ்மேரியைத் தவிர யாரும் தொடவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மயில்சாமி தாமே வந்தார். கட்டுகளை வாங்கி, வழக்கம்போல் ஒரு கவரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்துவிட்டு, கசங்கல் ஒன்றும் இல்லையே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். வெயிலில் வந்ததால் அவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தார். அவர் ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, உங்க ஃபேன் சும்மா சுத்துதுங்க. காத்தே வரலீங்களே. காயில் போயிருச்சாட்ட இருக்குது. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கறாரு, ஆத்தப்பன்னு. சொல்லி உடட்டுங்களா?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோஸ்மேரியைப் பார்த்தார்.

ரோஸ்மேரி எழுந்தாள். தாள்கட்டின் மேல் அம்மிக்குழவியை வைத்தாள். ஃபேனை அணைத்துவிட்டு, இறக்கை நிற்கட்டும் என்று காத்திருந்தாள். மயில்சாமி ஒன்றும் புரியாமல் அவளையும் ஃபேனையும் பார்த்தார். ஃபேன் நின்றது. அவள் சுவிட்சைச் சூரியனிலிருந்து நிலாவுக்கு மாற்றி, ஃபேனைப் போட்டாள்.

மயில்சாமிக்கு முடி குறைவு. காதோரத்திலிருந்து இழுத்து, வழுக்கையை மறைத்து வாரியிருப்பார். ஃபேன் வேகம் எடுத்ததும் அது மொத்தமாக எழுந்து நின்று ஆடியது. அவர் ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

வாசலில் அவருடைய டெம்போ டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னும் இரண்டு தெருவில் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது.

மயில்சாமி எழுந்திருக்கவில்லை. காலி டம்ளரை மட்டும் ரோஸ்மேரியிடம் நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் தண்ணி கொண்டா கண்ணு" என்றார். "மெதுவாவே கொண்டா."